கிராஸ் கன்ட்ரி ஹார்ட்டெயில், டவுன்ஹில் இரண்டையும் விற்றுவிட்டு ஒரே ஆல் மவுண்டன் சைக்கிள் வாங்கலாமா?

கேட்டவர் கொடுத்த விவரம் இவ்வளவுதான்: கனடாவின் வடக்கு வான்கூவரில் அபார்ட்மென்ட் வாசம். கையில் 100 மி.மீ. முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ள (பின்னால் கிடையாது) ஹார்ட்டெயில் ஒன்று, மலை இறங்குவதற்கென்றே ஆன 200 மி.மீ. சஸ்பென்ஷன் டவுன்ஹில் ஒன்று. வார நாளில் ஃப்ரோம் மலை, சனி ஞாயிறில் ஸ்குவாமிஷ், கோடையில் சில நாள், லிஃப்டில் ஏறிச் சைக்கிளில் இறங்கும் விஸ்லர் பைக் பார்க். இரண்டு வண்டியை வைக்க இடமில்லை.

வாங்கலாம். ஆனால் "எந்த மாடல்?" என்று தொடங்காதீர்கள். மாடல் கடைசியில் வருகிற விஷயம். எந்த வண்டியின் வேலையை எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்பதுதான் முதல் கேள்வி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடுவில் இருக்கிற, ஏறவும் இறங்கவும் ஆன 150 மி.மீ. ஆல் மவுண்டன் வண்டி இரண்டையும் நனைத்துவிடும்.

"ஹார்ட்டெயிலே போதும், ஓட்டத் தெரிந்தவனுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். உண்மைதான். அவர்கள் மணிக்கட்டு, அவர்கள் இஷ்டம். பேட்டரி வண்டி வாங்கு என்பவர்களுக்கும் ஒரு கும்பிடு. கேள்வி அதுவல்ல.

டவுன்ஹில் வண்டி ஏன் ஏறாது என்றால் எல்லோரும் எடை என்பார்கள். எடை இரண்டாம் காரணம். முதல் காரணம் கியர். முன்னால் 34 பல், பின்னால் ஏழே கியரில் பெரியது 24 அல்லது 25 பல். ஒரு சுற்று மிதித்தால் வண்டி மூன்று மீட்டருக்கு மேல் போகும். ஆல் மவுண்டன் வண்டியில் முன்னால் 30 பல், பின்னால் 52 பல் போட்டால் அதே 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.34 மீட்டர்தான் நகரும். ஃப்ரோமில் மவுன்டன் ஹைவே சரளைப் பாதையை மூச்சு வாங்காமல் ஏற வைப்பது இந்தக் கணக்கு. 32 பல் போட்டால் 1.43 மீட்டர். காகிதத்தில் ஒன்பது சென்டிமீட்டர். நாற்பது நிமிட ஏற்றத்தில் முட்டி சொல்லும் வித்தியாசம். கடைக்காரர் 32 போட்டுத் தந்தால் 30 கேளுங்கள்.

இரண்டாவது, சீட் இருக்கும் இடம். இதைத்தான் வாங்குபவர்கள் பார்ப்பதே இல்லை. பட்டியலில் சீட் டியூப் கோணம் 76, 77 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அது ஹெட் டியூப்பின் (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) மேல்முனை உயரத்துக்கு நேராகக் கிடைக்கோடு இழுத்து அளந்தது. சீட்டின் உண்மைக் குழாய் அதைவிடச் சாய்வாக இருக்கும். கால் நீளமானவர் சீட்டைத் தூக்கத் தூக்க அது பின்னால் போய்க்கொண்டே இருக்கும். கிராங்க் (பெடல் கை) அச்சிலிருந்து சீட் வரை 75 செ.மீ. என்றால், 76 டிகிரியில் சீட்டின் நடு அச்சுக்கு 18 செ.மீ. பின்னால் நிற்கும், உங்கள் உயரத்தில் அது 73 டிகிரியாகிவிட்டால் 22 செ.மீ. அந்த நான்கு சென்டிமீட்டர் செங்குத்து ஏற்றத்தில் முன் சக்கரத்தை அலையவிடும், இடுப்பைப் பிடிக்கும். போதாததற்கு ஏறும்போது பின் ஷாக் அமுங்கி உங்களை இன்னும் பின்னால் தள்ளும்.

கடையிலேயே பார்த்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சீட்டை நீங்கள் ஏறும் உயரத்துக்கு வையுங்கள். ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி சீட்டின் நடுவிலிருந்து தொங்கவிட்டு, அது கிராங்க் அச்சுக்கு எத்தனை சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது என்று டேப் பிடித்துப் பாருங்கள். உங்கள் ஹார்ட்டெயிலிலும் அதே மாதிரி அளந்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. புதியது ஹார்ட்டெயிலை விடப் பின்னால் இருந்தால் அந்த வண்டி ஏற்றத்துக்கு வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

உங்கள் இடங்களுக்கு என் கணக்கு: பின்னால் 150, முன்னால் 160 மி.மீ., ஹெட் கோணம் (ஹெட் டியூப்பின் சாய்வு) 64 டிகிரிக்குப் பக்கம். 2020 நார்கோ சைட், 2021 ஸ்பெஷலைஸ்ட் ஸ்டம்ப்ஜம்பர் ஈவோ இரண்டுமே இந்த அளவு. ஈவோவில் ஹெட் கோணத்தை 63லிருந்து 65.5 வரை மாற்றலாம். பார்க் நாட்கள் அதிகமானால் 160/170 உள்ள ராக்கி மவுன்டன் ஆல்டிட்யூட் மாதிரி ஒரு படி மேலே போகலாம். அதற்கு மேல் போனால் வார நாள் ஏற்றம் சலித்துப்போய், வண்டி பால்கனியில்தான் நிற்கும். பழைய மாடல் கிடைத்தால் தயங்க வேண்டாம். இந்த வகையில் அளவுகள் 2020-க்குப் பிறகு பெரிதாக மாறவில்லை, நிறம்தான் மாறியிருக்கிறது.

முன் ஃபோர்க்கை (முன் சஸ்பென்ஷன் கவட்டை) 10 மி.மீ. நீளமாக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சட்டகத்தின் கையேடு அனுமதித்தால் சரி. ஹெட் கோணம் சுமார் அரை டிகிரி சாயும், கிராங்க் மூன்று நான்கு மி.மீ. உயரும், சீட்டும் அதே அரை டிகிரி பின்னால் போகும். ஆனால் பழைய டவுன்ஹில் வண்டியின் ஹெட் டியூப்புக்கு மேலும் கீழும் பிடிக்கும் இரட்டைக் கிரவுன் ஃபோர்க்கை எடுத்துப் புதியதில் மாட்ட நினைக்காதீர்கள். பெரும்பாலான ஆல் மவுண்டன் சட்டகங்களுக்கு அந்த அனுமதி கிடையாது. மாட்டினால் வாரண்டி போகும்; ஹெட் டியூப்பில் விரிசல் விட்டால் போவது வாரண்டி மட்டுமல்ல.

இனி, காசை எங்கே கொட்டுவது என்ற விஷயம். சட்டகத்தில் அல்ல, சக்கரத்தில். ஒரு வண்டி, இரண்டு ஜோடி சக்கரம். இதுதான் இரண்டு வண்டியை ஒன்றாக்கும் உண்மையான வழி. அலுமினியச் சட்டகத்தை எடுத்து, கார்பனுக்குக் கொடுக்க இருந்த காசை இதில் போடுங்கள்.

வார நாள் ஜோடியில் பின்னால் மேக்ஸிஸ் டிஸெக்டர் மாதிரி எளிதாக உருளும் 2.4 டயர், எக்ஸோ என்ற மெல்லிய கட்டு, சுமார் 900 கிராம். பார்க் ஜோடியில் பின்னால் மினியன் டிஎச்ஆர் 2, டபுள்டவுன் என்ற தடித்த கட்டு, அது 1.2 கிலோவைத் தொடும். உருளும் இழுவை அதிகம் தெரிவது பின் சக்கரத்தில், ஏனென்றால் எடையின் பெரும்பங்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் முன்னால் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு ஜோடியிலும் முன்னால் மேக்ஸிஸ் அசெகாய் 2.5 டயர், மேக்ஸ்கிரிப் என்ற மெத்தென்ற ரப்பர். வடக்கு வான்கூவரின் ஈரமான வேரில் கெட்டி ரப்பர் சோப்பு மாதிரி வழுக்கும்.

எக்ஸோ டயரோடு விஸ்லர் போனால் என்ன ஆகும்? கல்லில் இடித்து டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கும். பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை. டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் அதை அடைக்காது. அதைத் தடுக்கிறேன் என்று காற்றை 30 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றினால் பிடிமானம் போய்விடும். 75 கிலோ ஆளுக்கு டபுள்டவுனில் முன் 22, பின் 25 என்று தொடங்கி, ரிம் கல்லில் தட்டும் சத்தம் கேட்டால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கால் பம்பின் மீட்டரை நம்பாதீர்கள். தனி டிஜிட்டல் கேஜ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சீலன்ட் ஒரு டயருக்கு 100 முதல் 120 மி.லி. சும்மா நிற்கும் ஜோடியில் அது உறைந்து உருண்டையாகிவிடும், ஆட்டிப் பார்த்துச் சத்தம் வராவிட்டால் புதிதாக ஊற்றுங்கள்.

இரண்டு ஜோடி வைப்பதில் மூன்று இடத்தில் இடறும். ஹப் (சக்கரத்தின் நடு உருளை) வேறு வேறு கம்பெனி என்றால் ரோட்டார் (பிரேக் தட்டு) அரை மில்லிமீட்டர்கூட நகர்ந்து நிற்கும், சக்கரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் தட்டைக் கவ்வும் காலிப்பரைத் தளர்த்தி நேராக்க வேண்டும். ஒரே ஹப் வாங்குங்கள். முடியாவிட்டால் ஆறு போல்ட் ரோட்டாருக்கு அடியில் 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையம்) வைத்து ஒரு ஜோடியை மற்றதோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். இரண்டாவது, ரோட்டாரின் கனம். ஷிமானோ புதிதில் 1.8 மி.மீ., 1.5 ஆனால் தூக்கி எறிய வேண்டும். எஸ்ராமின் கனமான ரோட்டார் 2 மி.மீ. விட்டமும் ஒன்று 203, மற்றது 200. இரண்டையும் கலந்தால் லீவர் ஒரு நாள் ஒரு இடத்தில் பிடிக்கும், மறுநாள் வேறு இடத்தில். மூன்றாவது செயின். வார நாள் கேசட்டோடு (பின் பல்சக்கர அடுக்கு) தேய்ந்த செயின், அதிகம் ஓடாத பார்க் கேசட்டில் பல் தாண்டும். செயின் கேஜில் 0.5 காட்டினாலே மாற்றிவிடுங்கள்.

பிரேக் நான்கு பிஸ்டன், முன்னும் பின்னும் 200 அல்லது 203. ஹார்ட்டெயிலின் இரண்டு பிஸ்டன் பிரேக்கைக் காசு மிச்சம் என்று மாட்டினால் பார்க்கில் பாதி இறக்கத்திலேயே சூடேறிப் பிடி தளரும். பேட் மெட்டல் வகை. ஆனால் விலை குறைந்த சில ரோட்டார்களில் ரெசின் பேட் மட்டும் என்று அச்சிட்டிருக்கும்; மெட்டல் போட்டால் ரோட்டார் அரைபட்டுப்போகும். படித்துவிட்டு வாங்குங்கள்.

சஸ்பென்ஷன் அமைப்பு ஒன்றே எல்லா இடத்துக்கும் போதும் என்பவர்கள் பார்க் போகாதவர்கள். 150 மி.மீ. வண்டிகளில் ஷாக் ஓட்டம் பெரும்பாலும் 55 மி.மீ. அதாவது ஷாக்கில் ஒரு மி.மீ. என்பது பின் சக்கரத்தில் 2.7 மி.மீ. ஹெல்மெட், தண்ணீர்ப்பை எல்லாம் மாட்டிக்கொண்டு, சுவரில் ஒரு கை லேசாக வைத்து, பெடலில் நின்று பத்து முறை அமுக்குங்கள். அசையாமல் நின்று ஷாக்கின் ரப்பர் வளையத்தைச் சீலோடு ஒட்டத் தள்ளிவிட்டு, குதிக்காமல் இறங்கி, வளையம் சீலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளவெடுங்கள். சாதாரண நாளுக்கு 16.5 மி.மீ., அது 30 சதவீதம். பார்க்குக்கு 15 மி.மீ. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடா என்றால், ஆமாம். 160 மி.மீ. ஃபோர்க்குக்கு 24 முதல் 32 வரை. பார்க்கில் ஃபோர்க் அடி தட்டினால் காற்றை ஏற்றாதீர்கள், முதல் பாதி கல்லாகிவிடும். காற்றை முழுக்க இறக்கி, மூடியைத் திறந்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர் கூடுதலாகப் போடுங்கள்; கடைசிப் பகுதி மட்டும் விறைக்கும். எதை எத்தனை பி.எஸ்.ஐ.யில் வைத்தீர்கள் என்பதை மேல் குழாயின் அடியில் டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

இரண்டு வண்டி பிரித்துச் சுமந்த மணிநேரத்தை இனி ஒன்றே சுமக்கும். ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெயை 50 மணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். வாரம் ஆறு மணி ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வண்டி கடையில் இருக்கும் நாளில் ஓட்ட வேறு வண்டி இல்லை. எனவே டெரெய்லர் ஹேங்கர் (கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு) ஒன்று, பிரேக் பேட் இரண்டு ஜோடி, ஒரு செயின் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சல், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஹோஸையும் கேபிளையும் ஹேண்டில்பார் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்குக்குள் நுழைத்து விடும் வண்டிகள். பார்க்க வழவழவென்று இருக்கும். வான்கூவர் மழையில் முதலில் சாவது அந்த மேல் பேரிங்தான், ஏனென்றால் தண்ணீர் ஹோஸ் வழியே வழிந்து நேராக அதன் தலையில் இறங்குகிறது. மற்ற வண்டியில் அதை மாற்றுவது பத்து நிமிட வேலை. இந்த வண்டியில் அந்தச் சின்ன பேரிங்கை மாற்ற ஹோஸைக் கழற்ற வேண்டும், கழற்றினால் முனையை வெட்டிப் புது ஆலிவ் (ஹோஸ் முனையில் இறுகும் உலோக வளையம்) போட வேண்டும், பிறகு பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும். அரை நாள் கூலி. யார் கேட்டார்கள் இதை? ஹேண்டில்பாருக்கு முன்னால் இரண்டு கறுப்புக் கயிறு தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரே வண்டி வைத்திருப்பவர் இந்த வகையை விலை பாதியானாலும் தொடக்கூடாது. ஹோஸ் சட்டகத்தின் பக்கத்தில் நுழைகிறதா என்று முதலில் பாருங்கள்.

விஸ்லரில் சீசனுக்குப் பத்து நாளுக்கு மேல் லிஃப்ட் ஏறுபவர் என்றால் என் பதில் தலைகீழ். இடத்தை எப்படியாவது ஒதுக்கி, டவுன்ஹில்லை வைத்துக்கொண்டு ஹார்ட்டெயிலை மட்டும் விற்றுவிட்டு, 130 மி.மீ. டிரெயில் வண்டி வாங்குங்கள். விஸ்லரின் ஏ-லைன் பாதையில் ஒரு நாள் முழுக்க, பிரேக் பிடித்துப் பிடித்து உண்டான குழிகளில் அடி வாங்கும்போது 200 மி.மீ.க்கு மாற்று கிடையாது. இரண்டு மூன்று நாள் மட்டும்தான் என்றால் விஸ்லர் கிராமத்தில் டவுன்ஹில் வாடகைக்குக் கிடைக்கிறது. அப்படியானால் பார்க் சக்கர ஜோடிகூட வேண்டாம், பின்னால் கனமான டயர் ஒன்று போதும்.

விற்பனை: டவுன்ஹில் வண்டியை உடைத்து உதிரியாகப் பயன்படுத்தலாம் என்ற கணக்கு உதவாது. டவுன்ஹில்லில் பெரும்பாலும் பின் ஹப் 157 மி.மீ., புதியதில் 148. முன் ஆக்சில் 20 மி.மீ., புதியதில் 15. கிராங்க் 83 மி.மீ. கூட்டுக்கானது, புதியதில் பொருந்தாது. முழு வண்டியாக, பார்க் திறக்கும் மே மாதத்துக்கு முன் விற்றால்தான் விலை. அக்டோபரில் மூடிய பிறகு ஆள் கிடைப்பது கஷ்டம். பெடலை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், வாங்குபவர் எப்படியும் தன்னுடையதைத்தான் மாட்டுவார்.