தபால்காரர் பதில்கள்: தருமபுரியைச் சுற்றி ஒரு சைக்கிள் வட்டம்

(முப்பத்தோரு வருஷம் இண்டூர், பாப்பாரப்பட்டி பக்கம் தபால் பையோடு சைக்கிள் மிதித்தவன் நான். பென்ஷன் வாங்கிய பிறகும் கால் நிற்கவில்லை. அதனால்தான் சைக்கிள் கேள்வி எது வந்தாலும் ஆசிரியர் என் தலையில் கட்டிவிடுகிறார்.)

கேள்வி: நானும் ஒன்பதாவது படிக்கும் என் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் கிளம்பி, பழைய இடங்களைப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் சுற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்ப ஆசைப்படுகிறோம். ஒகேனக்கல்லையும் சேர்த்துக்கொள்ளலாமா? – ஒரு வாசகர், ஓசூர்

முதலில் ஒகேனக்கல்லை அடித்துவிடுங்கள், ஐயா. தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டினால் மலை இறக்கம். இறங்கும்போது பாப்பா சிரித்துக்கொண்டே வரும். ஏறும்போது சைக்கிளை மட்டுமல்ல, பாப்பாவையும் சேர்த்து நீங்கள்தான் தள்ள வேண்டும். அருவிக்கு இன்னொரு நாள் பஸ்ஸில் போங்கள்.

நான் சொல்லும் வட்டம் இது: தருமபுரி கோட்டை, அதியமான்கோட்டை, நல்லம்பள்ளி, இண்டூர், பாப்பாரப்பட்டி, மறுபடி தருமபுரி. ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இதை இடமிருந்து வலமாகத்தான் சுற்ற வேண்டும், அதாவது அதியமான்கோட்டை முதலில். கோயில்களை உச்சிக்கு முன்னால் சாத்திவிடுவார்கள், பாப்பாரப்பட்டி மதியத்துக்கும் தாங்கும். இன்னொரு லாபம், காலையில் மேற்கே போகும்போதும் சாயங்காலம் கிழக்கே திரும்பும்போதும் வெயில் முதுகில்தான் விழும். கண் கூசாமல் மிதிக்கலாம்.

ஐந்தரை மணிக்கு ஊரில் டீ குடித்துவிட்டு கோட்டைக்குப் போங்கள். மல்லிகார்ஜுனர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் அங்கே பக்கத்தில் பக்கத்தில். நுளம்பர் என்ற அரச மரபினர் ஆண்ட தகடூரின், அதாவது பழைய தருமபுரியின், மிச்சம் இது. சேலம் மாணவர் ஒருவர் 'தொங்கும் தூண் நிஜமா, கதையா?' என்று தனியாகக் கேட்டிருந்தார், அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நிஜம். மல்லிகார்ஜுனர் மண்டபத்தில் அந்தத் தூணின் அடியில் காகிதம் நுழையும். நான் ஒருமுறை பையிலிருந்த மணியார்டர் பாரத்தையே விட்டு இழுத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி, 'சர்க்கார் பேப்பரை இப்படியா பண்ணுவே?' என்று திட்டினாள்.

அங்கிருந்து அதியமான்கோட்டை ஏழு கிலோமீட்டர் சுமார். நான்கு வழிச்சாலைக்குப் போகவே போகாதீர்கள். பெங்களூர் லாரிகள் பக்கத்தில் உரசினாற்போல் போனால் பிள்ளை கையில் ஹேண்டில்பார் ஆடிப்போகும். பழைய ரோட்டில் போங்கள். அதியமான்கோட்டை என்றதும் எல்லோரும் காலபைரவர் கோயில் என்பார்கள். தேய்பிறை அஷ்டமி என்றால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்; பூசணிக்காயில் விளக்கேற்ற வரும் கூட்டத்தில் சைக்கிளைத் தூக்கித் தோளில்தான் வைக்க வேண்டும். கிளம்பும் முன் காலண்டரைப் பாருங்கள். நான் அங்கே போவது சென்றாயப் பெருமாள் கோயிலுக்கு. மண்டபக் கூரையில் பழைய ஓவியங்கள். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துப் பார்ப்பது என் வழக்கம். அர்ச்சகர் சம்மதித்தால் நீங்களும் படுங்கள்.

பாப்பாவுக்கு அதியமானைப் பற்றிச் சொல்ல ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி போதும். புறநானூற்று 91ஆம் பாட்டு அதுதான், பள்ளியில் படித்திருக்கும். நீங்கள் இன்னொன்றைச் சொல்லுங்கள். அந்தப் பேரில் ஒரு ரோடே இருந்தது, 'அதியமான் பெருவழி'. அதன் மைல்கற்கள் தருமபுரி வட்டாரத்தில் கிடைத்திருக்கின்றன, எழுத்து 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு கல்லில், நாவற்தாவளம் என்ற ஊருக்குக் காதம் 29 என்று வெட்டியிருக்கிறது. காதம் அந்தக் காலத்துத் தூரக் கணக்கு, தாவளம் என்றால் வணிகர்கள் இறங்கித் தங்கும் இடம். கல்வெட்டியவர் அதோடு விடவில்லை. எழுத்துக்குக் கீழே குழி போட்டிருக்கிறார்: பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. இரண்டு பத்து, ஒன்பது ஒன்று. எழுத்துத் தெரியாத பொதிமாட்டுக்காரன் இருட்டில் விரலால் தடவினாலும் தூரம் தெரிந்துவிடும்.

நான் தபால் கொடுத்த சுற்றில் முதியோர் உதவித்தொகை வாங்கியவர்களில் பாதிப் பேர் கைநாட்டு. அவர்கள் கட்டை விரலைப் பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்தில் உருட்டுவேன். வரப்பில் மண்வெட்டி பிடித்த விரல்களில் ரேகையே தேய்ந்துபோயிருக்கும், இரண்டு மூன்று தடவை உருட்டினால்தான் ஏதோ விழும். 'எவ்வளவுப்பா வந்திருக்கு?' என்று கேட்டால் ரூபாயை அவர்கள் உள்ளங்கையிலேயே ஒவ்வொன்றாக எண்ணி வைப்பேன். அந்தக் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று, குழி போட்ட அந்த ஆளை நேரில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

நல்லம்பள்ளியிலிருந்து இண்டூர் வரைக்கும் கிராமத்து ரோடுதான். பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். குச்சிக்கிழங்குக் காடு, புளியமரம், ராகித் தாள் போர், அவ்வளவுதான். எனக்கு அது போதும். அங்கங்கே கேட்டுக் கேட்டுப் போங்கள். போனில் வரும் வழி சில இடத்தில் உங்களைக் கிணற்றுமேட்டில் கொண்டுபோய் நிறுத்தும். தண்ணீருக்கு மட்டும் ஒரு வார்த்தை: எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் காவி ஏறிய பெரியவர்களை வழியில் பார்ப்பீர்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்த பிறகு கொஞ்சம் விடிவு. போர் பைப்பைக் கண்டதும் வாய் வைக்காமல், ஆற்றுத் தண்ணீர் வரும் குழாய் எது என்று கேட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாப்பாரப்பட்டியில் அவசரப்படாதீர்கள். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23இல் கண்ணை மூடியது இங்கேதான். வ.உ.சி.யோடு 1908இல் சிறைக்குப் போனவர், வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய். அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏறவிடவில்லை என்பதால், உடம்பெல்லாம் புண்ணோடு நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகக் கூட்டம் பேசப் போனார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று இங்கே இடம் பிடித்தார். 1923இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். சிவா இருக்கும்வரை கோயில் எழும்பவில்லை. இப்போது நினைவிடமும் பாரத மாதா நினைவாலயமும் இருக்கின்றன. பாப்பாவுக்குக் கால் வலிக்கிறது என்றால் இந்த இடத்தில் முணுமுணுப்பு நின்றுவிடும், நான் என் பேரனிடம் பார்த்திருக்கிறேன்.

திரும்பும் வழி 16 கிலோமீட்டர் அளவு. நாலு மணிக்குப் பெடலில் கால் வைத்தால் போதும்.

கேள்வி: எங்கள் காட்டில் வேப்பமரத்தடியில் ஒரு கல் உண்டு. வேடியப்பன் என்று எண்ணெய் ஊற்றிக் கும்பிடுகிறோம். சைக்கிளில் வந்த பையன்கள் அதை 'நடுகல்' என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். கும்பிடக் கூடாதா? – ஒரு வாசகி, பாலக்கோடு

கும்பிடுங்கள், அம்மா. நீங்கள் கும்பிட்டதால்தான் அது இன்னும் படிக்கல்லாகப் போகாமல் இருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் வேடியப்பன் என்பது நடுகல்தான். ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்துச் செத்த வீரனுக்கு நட்டது. கல்வெட்டில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வரும். தொறு என்றால் மாட்டுமந்தை.

அடுத்த தடவை எண்ணெய் ஊற்றும் முன், காலைச் சாய்வெயிலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள் தெரியலாம். காலடியில் மூக்கு வைத்த கெண்டியும் சிமிழும் இருக்கிறதா பாருங்கள், போனவனுக்கு வைத்த படையல் அது. தலைக்கு மேலே வளைவு வளைவாக எழுத்து இருந்தால் அது வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தாக இருக்கலாம், ஆயிரம் வருஷத்துக்கும் மேல். அப்படித் தெரிந்தால் தருமபுரி அருங்காட்சியகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் சாமியைப் பற்றி அவர்களுக்குப் படிக்கத் தெரியும். பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள், எழுத்துக் குழியெல்லாம் அடைந்துபோகும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம்.

கேள்வி: எல்லாம் தருமபுரிதானா? எங்கள் பக்கம் ஒன்றுமில்லையா? – ஒரு வாசகர், பர்கூர்

கோபப்படாதீங்க தம்பி. தொகரப்பள்ளிப் பக்கம் மயிலாடும்பாறை உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. அங்கே தோண்டியதில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலம் கணித்து 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். உங்கள் சைக்கிள் செயினுக்குக் கொள்ளுத்தாத்தா அங்கேதான் பிறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை, கல் அதிகம். மெல்லிய டயர் வண்டியை எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: கியர் சைக்கிள் வாங்கித்தான் ஆக வேண்டுமா? – ஒரு மாணவர், சேலம்

வேண்டாம். இந்த வட்டத்துக்கு என் பழைய கருப்பு வண்டியே போதும். ஆனால் பஞ்சர் சாமான் இல்லாமல் கிளம்பாதீர்கள். ரோட்டோரத்தில் வேலிக்காத்தான் முள். இண்டூர் தாண்டி ஒருநாள் மதியம் எனக்குக் குத்தியது, பையில் அத்தனை வீட்டுப் பணமும் இருந்தது, பம்ப் மட்டும் இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளினேன். வழியில் ஒரு அம்மா கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்தாள், அன்று அவளுக்கு மணியார்டர் இல்லை என்று தெரிந்தும். ஒட்டுப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்: டியூப்பை உப்புக் காகிதத்தில் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்து, பிறகு ஒட்டுங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் நிற்காது. டயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளை எடுத்த பிறகுதான் டியூப்பை மாட்ட வேண்டும்.