உலா போனவர்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். நாலு பையன்கள் ராத்திரி முழுக்க ஊருக்குள்ளேயே காரில் வட்டமடிக்கிறார்கள். விடிகிறது, படம் முடிகிறது. கதை எங்கே? இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. என் மகனுக்கு 17 வயது. மாலை ஆறு மணியானால் நண்பனின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். எங்கே போனாய் என்றால் ‘சும்மா’ என்கிறான். இப்படி வெட்டியாகச் சுற்றுவதைப் படமெடுத்து அழகாக்குவது சரியா? அவன் பைக் கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா? பழசை நினைத்து ஏங்குவதே பிற்போக்கு என்று என் நண்பர் சொல்கிறார். அதைப் பற்றியும் எழுதுங்கள். (மூத்தவள் மகள், கல்லூரியில் படிக்கிறாள். அவளால் ஒரு தொந்தரவும் இல்லை.)

செந்தில், கோவை

அன்புள்ள செந்தில்,

பைக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 17 வயதில் கியர் வண்டி ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. 18 ஆகட்டும், லைசென்ஸ் எடுக்கட்டும், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இதற்கு எழுத்தாளனிடம் வருவது பல் டாக்டரிடம் ஜாதகத்தை நீட்டுவதுபோல. உங்கள் நண்பரின் பிற்போக்குக் கருத்துக்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. அந்த மாதிரி நண்பர்கள் எனக்கே போதுமான அளவு இருக்கிறார்கள்.

ஆனால் ‘வெட்டியாகச் சுற்றுவது’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பத்து நாட்களாக மேஜைமேல் ஒட்டக்கூத்தரின் மூவருலா கிடக்கிறது. வேறு ஒரு கட்டுரைக்காக எடுத்தது. படிக்கப் படிக்க எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம் கலிபோர்னியாவில் ஒரு ஊரின் பத்தாம் தெருதான். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் வெட்டி என்று சொல்லும் காரியத்துக்குத் தமிழில் ஒரு இலக்கிய வகையே இருக்கிறது. உலா. தலைவன் அலங்கரித்துக்கொண்டு யானைமேல் ஏறித் தெருவில் வருவான். எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரம் கிடையாது. வருவதுதான் காரியம், பார்க்கப்படுவதுதான் பயன். வீதியில் ஏழு பருவத்துப் பெண்களும் நின்று பார்ப்பார்கள். வளை கழலும், மேனி பசக்கும். அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான். யானையை எடுத்துவிட்டு 1932 மாடல் ஃபோர்டு கூப் காரை வையுங்கள், மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். உங்கள் படம் வந்துவிடும்.

கதை எங்கே என்று கேட்டீர்கள். 1962 கோடையின் கடைசியில் ஒரு இரவு. இரண்டு பையன்கள் காலையில் கல்லூரிக்காக ஊரைவிட்டுக் கிளம்பவேண்டும். போகலாம் என்றவன் தங்கிவிடுகிறான், தயங்கியவன் விமானம் ஏறுகிறான். அவ்வளவுதான் கதை. அது போதாதென்றால் உங்களுக்கு ஊரைவிட்டுப் போன அனுபவம் இல்லை என்று அர்த்தம்.

படத்தில் பெரிய வேகம் ஒரே ஒரு இடத்தில்தான். விடியற்காலையில் ஊருக்கு வெளியே நடக்கும் பந்தயம். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்து, நடிகர் ஹாரிசன் ஃபோர்ட் ஓட்டும் கறுப்பு செவர்லே கார் கவிழ்ந்து எரிகிறது. ஜெயித்தவனோ, நான் தோற்றுக்கொண்டிருந்தேன் என்கிறான். மிச்சம் முழுக்க ஊர்வதுதான். அந்தப் பையன்களிடம் எந்திரம் பெரியது, கேலன் பெட்ரோல் 30 சென்ட் அளவில் கிடைத்தது, நினைத்தால் பறக்கலாம். அவர்கள் 20 மைல் வேகத்தில் போனார்கள். ஏன்? பக்கத்து காரில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டுமே! வேகம் எடுத்தவனை யாரும் பார்க்க முடியாது.

வேகத்தின் விலை இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊர்க்காரர், பந்தய ஓட்டுநராகும் கனவில் இருந்தவர். 1962 ஜூன் 12 அன்று, பள்ளிப் படிப்பு முடிய சில நாட்களே இருக்கும்போது, அவருடைய குட்டி ஃபியட் வகைக் கார் இடிபட்டு உருண்டது. சீட் பெல்ட் அறுந்து வெளியே தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தார். அறுந்திருக்காவிட்டால் நமக்கு ‘ஸ்டார் வார்ஸ்’ விண்வெளிப் படங்களும் கிடையாது, இதுவும் கிடையாது. உங்கள் மகனிடம் இதைச் சொல்லாதீர்கள், பெல்ட் போடாமல் இருக்க ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவான்.

படம் வந்தது 1973 ஆகஸ்டில். அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. விடிய விடிய ஊர் சுற்றிய படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அடுத்த சில மாதங்களில் அதே கார்களோடு பங்க்கில் வரிசையில் நின்றார்கள். 11 வருடத்துக்கு முந்தைய ஒரு இரவை ஏதோ போன ஜன்மம்போல அந்த நாடு பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. நடுவில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார், வியட்நாம் போர் வந்திருந்தது.

மெல்லப் போவது என்றதும் லோரைடர்களைச் சொல்லாமல் விடமுடியாது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் விட்டியர் புலவார்ட் என்ற சாலை. மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகள் காரின் உடம்பைத் தரையோடு தரையாக இறக்கி, மினுங்க மினுங்க பெயின்ட் அடித்து, தேர் நகர்வதுபோல நகர்த்துவார்கள். வண்டியின் உடல் சக்கர விளிம்புக்குக் கீழே இறங்கக்கூடாது என்று 1958இல் கலிபோர்னியா சட்டம் போட்டது. அடுத்த வருடவாக்கில் ரான் அகிரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்பைப் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் வண்டி ஏறும், இன்னொருமுறை தட்டினால் இறங்கும். போலீஸ் வந்தால் சட்டப்படியான உயரம், போனதும் பழையபடி தரை. வேகமாகப் போனதற்கு அபராதம் போடும் ஊர்தான் நமக்குத் தெரியும். மெதுவாக, அழகாக, திரும்பத் திரும்பப் போனதற்கும் அங்கே அபராதம் இருந்தது. ஒரே இடத்தை இத்தனை மணி நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் கடந்தால் குற்றம் என்று பல ஊர்களில் சட்டம் இருந்தது. அதையும் இந்த உயரக் கட்டுப்பாட்டையும் சேர்த்து மாநிலமே நீக்கியது 2024 ஜனவரி 1 முதல்தான். லூகாஸின் படத்தில் இந்தப் பிள்ளைகள் சரியாக வரவில்லை என்பது வேறு பேச்சு.

இப்போது எனக்கு உண்மையிலேயே பேசவேண்டியதற்கு வருகிறேன். படம் முடியும்போது நாலு பேரின் படமும் அதற்குக் கீழே ஒவ்வொரு வரியும் வருமே, கவனித்தீர்களா? ஒருவன் 1964 டிசம்பரில் குடிபோதையில் வந்தவனின் கார் மோதிச் செத்தான். ஒருவன் 1965 டிசம்பரில் வியட்நாமில் காணாமல் போனான். ஒருவன் மொடெஸ்டோவிலேயே இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஒருவன் எழுத்தாளன், கனடாவில் இருக்கிறான். வியட்நாம் போருக்குக் கட்டாயமாக ஆள் எடுத்தபோது தப்பிப் போனவர்கள் போன இடம் கனடா, அதை 1973இல் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பார்க்கும்போது தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்தது.

நாலு பேரும் ஆண்கள். அந்த இரவு முழுக்க அந்தக் கார்களில் பெண்கள் இருந்தார்கள். ஊரிலேயே தங்கிவிடுகிறவனின் காதலி, கவிழ்ந்து எரிந்த காரிலேயே உட்கார்ந்திருந்து உயிர்தப்பியவள். விளையாட்டாக வண்டியில் ஏற்றிவிடப்பட்ட 12 வயதுக் குட்டி, உலா நூல் கணக்கில் மங்கைப் பருவம். வெள்ளை தண்டர்பேர்ட் காரில் வந்து சிரித்துவிட்டுப் போகிறவளுக்குப் பெயரே கிடையாது. அவளுக்குச் சேதி சொல்ல ஒருவன் ராத்திரியில் உல்ஃப்மேன் ஜாக் என்ற பிரபல ரேடியோ அறிவிப்பாளரைத் தேடி நிலையம்வரை போகிறான். அங்கே ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் உருகிக்கொண்டிருக்கும் ஐஸைச் சப்பியபடி ஒருவர் ‘நான் அந்த உல்ஃப்மேன் இல்லை’ என்று பொய் சொல்லும் காட்சி, படத்திலேயே எனக்குப் பிடித்தது. அவ்வளவு தேடப்பட்டவள் பிறகு என்ன ஆனாள்? படத்துக்கு அதில் அக்கறை இல்லை.

இது மறதியால் நடந்ததல்ல. திரைக்கதையில் கூட இருந்து எழுதிய குளோரியா காட்ஸ் அப்போதே கேட்டிருக்கிறார். பெண்களையும் சேர்த்தால் திரையில் இன்னொரு எழுத்து அட்டை போடவேண்டும், முடிவு நீண்டுவிடும் என்பது லூகாஸின் பதில். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கார்கள் சுற்றலாம். இன்னும் சில நொடி ஓடினால் நீண்டுவிடுமாம்! ஒட்டக்கூத்தரும் இதே ஆள்தான். ஏழு பருவத்தையும் வயது பிரித்து வரிசையில் நிற்கவைப்பார். தலைவன் தெருமுனை திரும்பியபிறகு அவர்கள் வீட்டுக்குள் போய் என்ன செய்தார்கள் என்று ஒரு கண்ணி உண்டா? எண்ணூறு, தொள்ளாயிரம் வருடமாக அந்தப் பெண்கள் தெருவிலேயே நிற்கிறார்கள்.

நான் மொடெஸ்டோவில் மூன்று வருடம் இருந்தேன், வேலை நிமித்தமாக. சுற்றிலும் பாதாம் தோட்டங்கள், பழம் டின்னில் அடைக்கும் கேனரிகள். ஊர் வாசலில் 1912ஆம் வருடத்து வளைவு ஒன்று, ‘நீர், செல்வம், நிறைவு, நலம்’ என்ற பொருளில் எழுத்துகளோடு. படம் இந்த ஊரில் நடப்பதாகக் கதை, ஆனால் பெரும்பாலும் எடுத்தது பெடலூமாவில். அதைச் சொன்னால் எதிர்வீட்டம்மாவுக்குக் கோபம் வரும். அவருக்கு அப்போது 56 வயது, 1962இல் 17. எனக்கு அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் பிரேக்கை மிதிக்கும் அழகைப் பார்த்து, ‘அது காலால் கொல்லவேண்டிய பூச்சி இல்லை’ என்பார்.

2001இல் ஒரு சனிக்கிழமை இரவு, தன் பழைய ப்யூக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு பத்தாம் தெருவுக்கும் பதினோராம் தெருவுக்கும் போனார். ஜன்னலை முழுக்க இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் டிரைவ்-இன், சக்கரச் செருப்பில் பெண்கள் தட்டு கொண்டுவருவார்கள். இங்கே சிவப்பு விளக்கு விழுந்தால் ஒரு காரிலிருந்து இறங்கி அடுத்த காருக்குள் ஓடுவோம், பச்சை விழுவதற்குள் கதவு சாத்திவிடவேண்டும். முன்சீட் அப்போது ஒரே நீள பெஞ்சு. யார் ஓட்டுகிறவனை ஒட்டி நடுவில் உட்கார்ந்தாள், யார் கதவோரம் உட்கார்ந்தாள் என்பதை வைத்து மறுநாள் ஊர் பேசும். அண்ணனுக்கு அப்பா கார் கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தது பத்து சென்ட் காசு ஒன்று. செருப்புக்குள் வைத்துக்கொள்வேன். ஏதாவது தப்பாகப் போனால் இறங்கி, நடந்து, பூத்தைத் தேடி, வீட்டுக்கு போன் போட.

‘எத்தனை முறை போட்டீர்கள்?’ என்று கேட்டேன்.

‘இரண்டு,’ என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இரண்டாவது சுற்று முடிந்ததும், மூன்றாவது போனால் டிக்கெட் கொடுப்பார்கள் என்று சிரித்தார். அப்போது ஊரில் தடை இருந்தது. சிரித்துவிட்டு மூன்றாவதும் போனார். அந்தச் சுற்றில்தான் படத்தைப் பற்றிச் சொன்னார். 1973இல் கணவரோடு போய்ப் பார்த்தாராம். கடைசியில் அந்த நாலு பையன்களின் படம் வந்ததும், அடுத்து எங்களுடையது வரும் என்று காத்திருந்தேன், விளக்கைப் போட்டுவிட்டார்கள் என்றார்.

பிறகு அவரே சொன்னார். நாங்களும் நாலு பேர்தான். ஒருத்தி, தன்னை நடுவில் உட்காரவைத்து ஓட்டினவனையே கட்டிக்கொண்டாள். அவன் வியட்நாமிலிருந்து திரும்பி வந்தான், ஆனால் வந்தது அவன் இல்லை. அவள் கேனரியில் பீச் பழம் தரம்பிரித்தே வீட்டை ஓட்டினாள், விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கும். ஒருத்தியை 1963 வசந்தத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள், எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்தபோது கையில் குழந்தை இல்லை. அதற்கப்புறம் அவள் யாருடைய காரிலும் ஏறவில்லை. ஒருத்தி சான் ஹோசேயில் நர்ஸ். வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும், உள்ளே கையெழுத்து மட்டும்.

நாலாமவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். 22 வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மஞ்சள் வண்டி. காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று, அதே தெருக்களில், அதே 20 மைல் வேகத்தில்.

செந்தில், மூத்தவளால் ஒரு தொந்தரவும் இல்லை என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். பையன் ஆறு மணிக்குக் கிளம்பும்போது அவள் எங்கே இருக்கிறாள்? ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா அவளுக்கு? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். அடைப்புக்குறி போடாமல்.

அன்புடன்