கையடக்கக் கீகர் கவுண்டரில் நிக்ஸி குழாய்: வோல்ட் இருக்கிறது, மின்னோட்டம் இல்லை

கேள்வி: ஒற்றை 18650 லித்தியம் பேட்டரியில் (2500 மில்லிஆம்பியர்-மணி) ஓடும் கையடக்கக் கீகர் கவுண்டர் (கதிர்வீச்சை எண்ணும் கருவி) ஒன்றைச் செய்திருக்கிறேன். உள்ளே கதிர்வீச்சை உணரும் கீகர் குழாய் எஸ்பிஎம்-20. எல்சிடி திரையை எடுத்துவிட்டுப் பழைய நிக்ஸி குழாய்கள் (எண் வடிவக் கம்பிகள் ஆரஞ்சாக ஒளிரும் வாயுக் குழாய்கள்) நான்கைப் பொருத்த ஆசை. கீகர் குழாய்க்காக ஏற்கெனவே 400 வோல்ட் இருக்கிறதே, அதிலிருந்தே நிக்ஸிக்கும் எடுக்கலாமா? பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? கையில் பிடிக்கும் கருவியில் இவ்வளவு வோல்ட் ஆபத்தில்லையா?

பதில்: 400 வோல்ட்டிலிருந்து எடுக்க முடியாது. எடுக்க முயலவும் வேண்டாம். எஸ்பிஎம்-20 குழாயின் ஆனோடில் (நேர்மின் முனையில்) வழக்கமாக 5.1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். குழாய் முழுதாக ஷார்ட் ஆனாலும் அதன் வழியே பாய்வது 80 மைக்ரோஆம்பியருக்குள்தான். உங்கள் 400 வோல்ட் சுற்று அந்த அளவுக்கே செய்யப்பட்டது. ஐஎன்-17 போன்ற மிகச் சிறிய நிக்ஸிக்கே 1.5 மில்லிஆம்பியர், அதாவது 1500 மைக்ரோஆம்பியர் வேண்டும். நான்குக்கு 6 மில்லிஆம்பியர். இணைத்த நொடியே 400 வோல்ட் சரிந்துவிடும், கீகர் குழாய் துடிப்பதை நிறுத்திவிடும். கதிர்வீச்சைக் காட்ட வேண்டிய கருவி சத்தமில்லாமல் பூஜ்யம் காட்டுவதைவிட மோசமான கோளாறு எதுவும் கிடையாது. எனவே நிக்ஸிக்குத் தனிச் சுற்று.

இனி பேட்டரி. ஐஎன்-17 பற்றிக்கொள்ளச் சுமார் 170 வோல்ட் வேண்டும். பற்றியபின் குழாயின் குறுக்கே ஏறக்குறைய 140 வோல்ட் நிற்கும். 180 வோல்ட் கொடுத்தால் மீதி 40 வோல்ட்டை ஆனோடு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 1.5 மில்லிஆம்பியருக்கு அது 27 கிலோஓம். ஒரு குழாய்க்கு 0.27 வாட், நான்குக்கு 1.08 வாட். வோல்ட்டை உயர்த்தும் சுற்று 75 சதவீதத் திறனில் ஓடினால் பேட்டரியிலிருந்து 1.44 வாட் போகும். உங்கள் பேட்டரியில் இருப்பது 9 வாட்-மணி. இடைவிடாமல் எரிந்தால் ஆறு மணி நேரம்தான்.

ஆனால் ஏன் இடைவிடாமல் எரிய வேண்டும்? எண்ணிக்கை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் 6 நொடி எண்கள் ஒளிரட்டும், பிறகு அணையட்டும். ஒரு அழுத்தலுக்கு 9 ஜூலுக்கும் குறைவு. நாளுக்கு 50 முறை பார்த்தாலும் 0.12 வாட்-மணி. எண்ணும் பகுதி 10 மில்லிஆம்பியர் எடுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 0.9 வாட்-மணி ஆகிறது. இப்போது பேட்டரியைத் தின்பது எண்ணும் பகுதிதான். நிக்ஸியின் பங்கு எட்டில் ஒன்றுகூட இல்லை. ஒன்பது நாள் தாங்கும். இந்த ஒரு முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் மற்ற சிக்கல்களில் பாதி தானாகக் கரையும்.

பலர் தடுக்கி விழுவது 180 வோல்ட் சுற்றில். கிடைக்கும் நிக்ஸி சுற்றுப் படங்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் அடாப்டருக்கு வரைந்தவை. ஐஆர்எஃப்740 போன்ற 400 வோல்ட் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) அதில் இருக்கும். அந்த வகை மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (கட்டுப்படுத்தும் முனைக்கு) 10 வோல்ட் கொடுத்தால்தான் மின்னோட்டத்துக்கு முழுதாக வழி திறக்கும். 3.7 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து, சூடாகி, பேட்டரியை வெப்பமாக்கிக் கரைத்துவிடும். போதாததற்கு, 3.7-ஐ 180 ஆக்குவது 49 மடங்கு உயர்வு. தொடர் மின்னோட்ட முறையில் ஓடும் சாதாரண பூஸ்ட் (டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வோல்ட்டை உயர்த்தும்) சுற்றில் சுவிட்ச் 98 சதவீத நேரம் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும். அது நடைமுறைக்கு ஒத்துவராது.

நான் பரிந்துரைப்பது 1:10 சுற்று விகிதமுள்ள சிறிய ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் (சுவிட்ச் மூடியபோது ஆற்றலைச் சேர்த்து, பிறகு உயர் வோல்ட்டாக விடுவது). கேமரா ஃபிளாஷ் கெபாசிட்டரைச் சார்ஜ் செய்யும் டிரான்ஸ்ஃபார்மர்கள் இந்த விகிதத்தை ஒட்டியே கிடைக்கும். இதில் டியூட்டி, அதாவது சுவிட்ச் கடத்தும் நேரத்தின் பங்கு, 83 சதவீதத்துக்கு இறங்கும். அதைவிடப் பெரிய லாபம், மாஸ்ஃபெட்டின் மேல் விழுவது 180 அல்ல, அதில் பத்தில் ஒரு பங்கும் பேட்டரி வோல்ட்டும் சேர்ந்த 22 வோல்ட்தான். டிரான்ஸ்ஃபார்மரின் கசிவுத் தூண்டலால் எழும் வோல்ட் கூர்முனைகளுக்கும் இடம் விட்டு, 3 வோல்ட் கேட்டிலேயே நன்றாகத் திறக்கும் 60 வோல்ட் லாஜிக்-லெவல் மாஸ்ஃபெட் போட்டால் போதும். டையோடு மட்டும் 217 வோல்ட்டைத் தலைகீழாகத் தாங்க வேண்டும். யூஎஃப்4004 போன்ற வேகமான டையோடு போடுங்கள். 1என்4007 வோல்ட்டைத் தாங்கும், வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

வெளி வோல்ட்டை அளந்து சுற்றுக்குத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் ரெசிஸ்டரில் ஒரு நுணுக்கம். 1 மெகாஓம் ரெசிஸ்டரை 0603 என்ற மிகச் சிறிய சில்லு அளவில் ஒன்றே ஒன்றாக வைக்காதீர்கள். ஓம் சரியாக இருந்தாலும் அந்த அளவுச் சில்லு 75 வோல்ட்டுக்குத்தான் மதிப்பிடப்பட்டது. 330 கிலோஓம் மூன்றைத் தொடராக வையுங்கள். குழாய் எரியத் தொடங்கும்போது பேட்டரி வோல்ட் ஒரு கணம் தொய்யும். மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகி எண்ணிக்கை அழிந்துபோகும். பேட்டரிப் பக்கம் 470 மைக்ரோஃபாரட் ஒன்றும், சுற்று மெல்லத் தொடங்கும் ஏற்பாடும் அதைத் தடுக்கும்.

எந்த எண் எரிய வேண்டுமென்று இயக்கும் டிரைவருக்கு எல்லோரும் சொல்லும் கே155ஐடி1 ஐசி இங்கே பொருந்தாது. அது 5 வோல்ட்டில் ஓடும் பழைய டிடிஎல் வகை; நான்கு ஐசிகள் சும்மா இருந்தாலே அரை வாட் வரை எடுக்கும். 300 வோல்ட் தாங்கும் எம்பிஎஸ்ஏ42 டிரான்சிஸ்டர்கள் பத்தைக் கேத்தோடுகளுக்கும் (எண் வடிவ எதிர்மின் முனைகள்), எம்பிஎஸ்ஏ92-ஐ ஆனோடுகளுக்கும் வைத்து மல்டிபிளெக்ஸ் செய்யுங்கள், அதாவது குழாய்களை ஒவ்வொன்றாக வேகமாக மாற்றி மாற்றி எரியுங்கள். ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் சில நூறு மைக்ரோநொடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் பேய் எண்கள் (எரியக் கூடாத எண்களின் மங்கல் ஒளி) தெரியாது.

குழாயின் குணத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1955-இல் பரோஸ் நிறுவனம் நிக்ஸியை அறிமுகப்படுத்தியது. ஐஎன் வரிசை சோவியத் தயாரிப்பு, ஆகவே கைக்கு வரும் எதுவும் பல பத்தாண்டுகள் கிடந்த சரக்குதான். வாங்கியதும் பத்து எண்களையும் எரித்துப் பாருங்கள். ஒரு எண் அதிகமாக எரியும்போது அதிலிருந்து தெறிக்கும் உலோகம், எரியாத எண்களின் மேல் படிந்து அவற்றைத் திட்டுத் திட்டாக மங்கச் செய்யும். கீகர் கவுண்டரில் முன்னிரண்டு இலக்கங்கள் எப்போதும் பூஜ்யமாகவே இருக்குமென்பதால் இது உங்களுக்கு நிச்சயம் வரும். பொத்தானை அழுத்தியதும் 0 முதல் 9 வரை ஒரு வேக ஓட்டம் விட்டுப் பிறகு அளவைக் காட்டுங்கள். முழு இருட்டில் வாயு முதலில் பற்றிக்கொள்ளச் சற்றுத் தயங்கும். அந்த ஓட்டம் இதையும் மறைத்துவிடும். ஐஎன்-17-இல் தசமப் புள்ளி கிடையாது. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று காட்டுங்கள். கருவி உண்மையில் அளப்பதும் அதைத்தான்.

ஆபத்தைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. 180 வோல்ட் சுற்றின் வெளிக் கெபாசிட்டரை 1 மைக்ரோஃபாரடுக்கு மேல் போடாதீர்கள். அதில் 16 மில்லிஜூல்தான் தங்கும். அந்த 1 மெகாஓம் ஃபீட்பேக் வழியே ஐந்து நொடியில் 2 வோல்ட்டுக்குக் கீழே வடிந்துவிடும். 10 மைக்ரோஃபாரட் போட்டால் அரை நிமிடம் கழித்தும் மிச்சம் இருக்கும். சுற்று வேலை செய்துகொண்டிருக்கும்போது தொட்டால் அதிர்ச்சி உறுதி. வேர்த்த கை, யூஎஸ்பி முனையின் உலோகம் எல்லாம் கிரவுண்டோடு சேர்ந்தவை. அதனால் பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். குழாய்களுக்கு முன்னால் 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஜன்னல் வையுங்கள். கண்ணாடியை ஒட்டிக் கம்பிகளை வளைக்காதீர்கள். அங்கேதான் விரிசல் விடும். கீழே விழக்கூடிய கருவி என்பதால் ஒவ்வொரு குழாய்க்கும் சிலிக்கான் வளையம் தேவை. பல நிக்ஸிகளில் ஆயுளைக் கூட்டச் சிறிது பாதரசம் சேர்த்திருப்பார்கள். உடைந்தால் வெறுங்கையால் அள்ளாமல், காற்றோட்டம் விட்டு அப்புறப்படுத்துங்கள்.

எண்கள் எப்போதும் எரிந்தே தீர வேண்டுமென்றால் நிக்ஸியை விட்டுவிட்டு ஐவி-3 போன்ற பச்சை ஒளிக் குழாய்களைப் பாருங்கள். சுமார் 20 வோல்ட் போதும், நான்கின் இழைகளுக்கும் சேர்த்து 0.17 வாட். ஆரஞ்சு நிறம் கிடைக்காது, ஆனால் பழைய கால்குலேட்டர்களின் அழகு கிடைக்கும்.

எல்லாம் பொருத்தியபின் ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். ஃபிளைபேக்கின் இரைச்சல் கீகர் துடிப்புக் கம்பியில் புகுந்தால், இல்லாத கதிர்வீச்சைக் கருவி எண்ணும். ஒரே இடத்தில் வைத்து 30 நிமிடம் நிக்ஸி அணைந்த நிலையிலும், 30 நிமிடம் எரிந்த நிலையிலும் எண்ணுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 20 என்றால் ஒவ்வொன்றிலும் 600 வரும். இரண்டுக்கும் 70 வரை வித்தியாசம் வந்தால் அது கதிர்வீச்சின் இயல்பான ஏற்ற இறக்கம். எரியும்போது மட்டும் அதைத் தாண்டிக் கூடினால், டிரான்ஸ்ஃபார்மரைக் கீகர் குழாயிலிருந்து பெட்டியின் மறு முனைக்கு நகர்த்தி, இரண்டின் கிரவுண்டையும் பேட்டரி முனையில் மட்டும் சேர்த்து, மறுபடி எண்ணுங்கள்.