மகளைக் கேள்வி கேட்க விடுங்கள்

ஐயா, விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்கள் முட்டையிடும் காலம் என்று விதிக்கப்படும் 61 நாள் மீன்பிடித் தடையைப் பற்றி, 'எல்லா மீனும் அப்போதுதான் முட்டையிடுமா?' என்று வகுப்பில் கேட்டுத் திட்டு வாங்கிய உங்கள் மகளை, இனிப் பாடத்தை மனப்பாடம் மட்டும் செய்யச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். தேர்வில் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும். ஆனால் தன் ஐயத்தைத் தானே சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்காகத்தானே பிள்ளையைப் படிக்க அனுப்புகிறோம்? நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லாததால், பாம்பன் கரையில் ஆண்டு முழுவதும் ஏதாவது மீன் கிடைக்கும். வீட்டில் சீலாவையோ சூடையையோ அறுக்கும்போது வயிற்றில் மஞ்சளாகச் சினை இருந்ததா இல்லையா என்று, மீனின் பெயரோடும் தேதியோடும் ஒரு நோட்டில் அவள் குறித்து வரட்டும். பறவை பறக்கும் விதத்தை விளக்க வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்ற இராமேஸ்வரம் ஆசிரியரை அப்துல் கலாம் கடைசிவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார். சில மாதங்கள் கழித்து, அந்த நோட்டைத் தன்னைத் திட்டிய ஆசிரியரிடமே பணிவாகக் காட்டச் சொல்லுங்கள்.