டி.சி. மீட்டிங்குக்குத் தேதி கேட்பதற்கு முன்

கேள்வி: மார்த்தாண்டம் பகுதியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பொருளியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கோர்ஸ் ஒர்க் முடிந்துவிட்டது. மீனவக் குடும்பங்களின் கடன்தான் பொருள். ‘புரபோசலை (ஆய்வு முன்மொழிவை) முடி, டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் வைத்துவிடலாம்’ என்கிறார் கைடு. எதிலிருந்து தொடங்குவது, தேதியை எப்படிக் குறிப்பது, அங்கே என்ன கேட்பார்கள்?

பதில்: இந்தக் கூட்டம் எதற்கு என்பதில் முதலில் தெளிவு வேண்டும். உங்கள் அறிவைச் சோதிக்கும் வாய்மொழித் தேர்வு ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வருவது, இது வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைகள் ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு, அதாவது நாம் டி.சி. என்று சொல்லும் குழுவுக்கு, முதல் வேலையாகக் கொடுத்திருப்பது முன்மொழிவைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்வதைத்தான். ஆகவே எதிரே இருப்பவர்கள் மனத்தில் ஓடுவது ஒரே கேள்வி: இதை இவரால், இருக்கும் காலத்துக்குள், செய்து முடிக்க முடியுமா? பகுதிநேரமாகப் படிப்பவரிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே கேட்பார்கள்.

அதனால் தலைப்பைச் சுருக்குவதுதான் உங்கள் முதல் வேலை. ‘கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களின் கடன்’ என்று எழுதிக்கொண்டு போனால், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை 40க்கும் மேற்பட்ட ஊர்களையும் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். அதிகாலையில் வள்ளத்தில் போய் அன்றே கரை திரும்புபவரின் கடனும், தூத்தூர் வட்டாரத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர் வீட்டுக் கடனும் ஒன்றல்ல. ‘ஓகி புயலுக்குப் பின் தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர் குடும்பங்களில் பெண்கள் சுமக்கும் கடன்’ என்று வைத்துப் பாருங்கள். ஊர் எது, யாரைச் சந்திக்க வேண்டும், எந்த ஆண்டிலிருந்து கணக்கெடுப்பது என்று பாதிப் பதில் தலைப்பிலேயே வந்துவிடும்.

அடுத்தது கால அட்டவணை. பெரும்பாலானவர்கள் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு ‘களப்பணி: ஆறு மாதம்’ என்று எழுதிவிடுவார்கள். அந்த ஆறு மாதம் எது என்பதுதான் கேள்வி. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்துக்குள்ளேயே சின்னமுட்டம் முதல் கணக்கில் வரும். குளச்சலும் தேங்காப்பட்டணமும் இரண்டாவதில் வரும். ஆண்கள் கரையில் இருக்கும் மாதங்களிலேயே வருமானம் நின்று கடன் ஏறும் என்பதால், அப்போது கேட்கும் கணக்கும் மற்ற மாதங்களில் கேட்கும் கணக்கும் மாறும். இரண்டு பருவத்திலும் ஒரே வீடுகளுக்குப் போவதாகத் திட்டமிட்டு, அதன் காரணத்தையும் எழுதுங்கள். பள்ளியில் அரையாண்டுத் தேர்வு, பொதுத்தேர்வு வேலை வரும் வாரங்களை அட்டவணையில் வெறுமையாக விட்டுவிடுங்கள். அந்த நேர்மை குழுவின் கண்ணில் படும்.

கூட்டத்துக்கு முன்பே வினாநிரலை நாலைந்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். ‘உங்கள் மொத்தக் கடன் எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் வராது. நகை அடகு, மகளிர் குழுக் கடன், படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வரும். ஓகியில் வீட்டு ஆளை இழந்தவர்களிடம் பேசப்போகிறீர்கள் என்றால், ஒப்புதலை எப்படிப் பெறுவீர்கள், பெயர்களை எப்படி மறைப்பீர்கள் என்பதற்கு ஒரு தனிப் பகுதி எழுதியே ஆக வேண்டும். இதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து தள்ளிவைக்காதீர்கள்.

முந்தைய ஆய்வுகளுக்கு, முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் நம் மாவட்டத்துப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் முன்மொழிவுகள் சோத்கங்கோத்ரியில் கிடைக்கும். ‘இதே தலைப்பில் ஏற்கெனவே செய்திருக்கிறார்களே’ என்று குழுவில் ஒருவர் சொல்லி நீங்கள் அறியும் நிலை வரக்கூடாது.

இனி தேதி. கூட்டத்தைக் கூட்டுவது கைடின் பொறுப்பு. அவர் பேசுவதற்கு முன் நீங்களாகக் குழுவின் வெளி உறுப்பினரை (வேறு கல்லூரியிலிருந்து வருபவரை) அழைத்துத் தேதி கேட்பது முறையல்ல. ஆனால் மூன்று தேதிகளைத் தேர்ந்து அவர் கையில் கொடுக்கலாம். நவம்பர், ஏப்ரல் மாதங்களில் பருவத்தேர்வும் விடைத்தாள் திருத்தும் பணியும் பேராசிரியர்களைப் பிடித்துக்கொள்ளும். கோட்டார் சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காட்டுக் கொடை ஆகியவற்றுக்கு நம் மாவட்டத்தில் மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருக்கும் உறுப்பினரின் நாட்காட்டியில் அது வேலைநாள். அவர் சரி என்று சொல்லி வந்துசேர்ந்தால் இங்கே கல்லூரி பூட்டியிருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து வருபவர் என்றால் ஓணம் விடுமுறையையும் பாருங்கள். தேதி உறுதியானதும் பள்ளியில் விடுப்பை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முன்மொழிவு உறுப்பினர்கள் கையில் 15 நாள் முன்பாவது இருக்க வேண்டும். மின்னஞ்சலோடு நிற்காமல், ஸ்பைரல் போட்ட பிரதியும் அனுப்புங்கள். அச்சுப் பிரதியில்தான் பலர் பென்சிலால் குறித்துப் படிப்பார்கள்.

ஸ்லைடுகள் 15 போதும். தமிழில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் கல்லூரிக் கணினியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, பி.டி.எஃப். ஆகவும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது கடன் பற்றிய கோட்பாடுகளுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஏன் இந்த ஊர்கள், ஏன் இத்தனை வீடுகள், அவற்றை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். தெரியாததைக் கேட்டால் ‘பார்த்துச் சேர்க்கிறேன்’ என்று சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்காக யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை.

கூட்டம் முடிந்ததும் குழுவின் பரிந்துரைகளை அன்றே மினிட்ஸில் எழுதி, எல்லோரும் கிளம்புவதற்கு முன் கையெழுத்து வாங்கித் தரும்படி கைடிடம் கேளுங்கள். விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காகப் பின்னால் ஊர் ஊராக அலைய நேரிடும். தலைப்பில் ஒரு சொல் மாறியிருந்தாலும் அது மினிட்ஸில் அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.