வாடகை வீட்டில் ஒழுகலை யார் சரிசெய்ய வேண்டும்?

சென்னையில் வாடகைக்கு விட வீடு வாங்கியிருக்கிறீர்கள். மழையில் கூரை ஒழுகுகிறது, செலவு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதுதான். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் ஏற்படுத்தாத கட்டுமானப் பழுது, வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய் மாற்றுதல், மின் வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவருடையவை. நீங்கள் செய்ய மறுத்தால் அவரே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம்.

வாடகைத் தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. இதில் பலர் தவறுகிறார்கள்.

சரி, ஒழுகலுக்கு வருவோம். உள்ளே பெயின்ட் அடித்து ஈரத்தை மறைக்காதீர்கள். முதலில் மொட்டைமாடி விரிசலையும் தண்ணீர் வெளியேறும் குழாயையும் பாருங்கள். ஈரம் கூரைக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தால் காரை பெயர்ந்து விழும். கீழே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம்.