திருட்டுக் காரை வாங்கியவருக்கு எத்தனை வருடம்?

கேள்வி: கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பொள்ளாச்சித் தரகர் மூலம் பழைய கார் வாங்கினேன். கோவையில் திருடு போன வண்டி என்று நான்கு மாதம் கழித்துப் போலீசார் எடுத்துச் சென்றுவிட்டார்கள். எனக்கு ஏழு வருடம் கிடைக்கும் என்கிறார் மைத்துனர். உண்மையா?

மைத்துனர் சொல்லும் ஏழு வருடம் திருடியவனுக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு அது; வாகனத் திருட்டும் அதில் வரும். உங்கள் மீது வரக்கூடியது 317(2): திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது. மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அறியாமல் வாங்கியது குற்றமல்ல. ஆனால் பாதி விலைக்கு ஏன் வாங்கினீர்கள், ஏன் ரொக்கம் என்று துருவுவார்கள். வங்கியில் பணம் அனுப்பிய சான்று இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

தடையில்லாச் சான்று வாங்கினீர்களா? நீங்கள் எழுதவில்லை, எல்லையோரத் தரகர்களின் பாட்டை நானே சொல்கிறேன்: "வண்டியை ஓட்டுங்கள், சான்று பின்னால் வரும்." கூடவே, பெயர் எழுதாமல் அடியில் கையெழுத்து மட்டும் போட்ட படிவம் 29, அதாவது உரிமை மாற்ற அறிவிப்பு, இரண்டு பிரதி. தமிழ்நாட்டு வண்டியைக் கேரளப் பதிவுக்கு மாற்ற அந்தச் சான்று வேண்டும். அதைத் தருமுன் பதிவு அலுவலகம், திருட்டு வழக்கு ஏதும் இல்லை என்று போலீசாரிடம் எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. தரகருக்கு அந்தக் காகிதம் ஏன் கசக்கிறது என்று புரிகிறதா? அலுவலகங்கள் அதைக் காலத்தோடு கொடுத்தால் இவர்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பே இருக்காது.

இனி தரகரே வந்து, "பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை மட்டும்தான், ஸ்டேஷனில் பேசி முடிக்கிறேன்" என்பார். சலுகை இருப்பது உண்மை. முதல் முறை தண்டிக்கப்படுபவராக இருக்க வேண்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருக்க வேண்டும். பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்திருக்க வேண்டும். மூன்றும் சேர வேண்டும். அந்தத் தொகைக்கு இரண்டு டயர் வாங்கிப் பாருங்கள். போதாததற்கு, அது சாதாரணத் திருட்டுக்கான 303ஆம் பிரிவில் இருக்கிறது; உங்கள் 317இல் இல்லை. பழைய தேதியிட்ட ரசீது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

போலீஸ் நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞருடன் போங்கள், ஒளியாதீர்கள். தரகர் மீதான மோசடிப் புகாரை உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். பொள்ளாச்சிக்குப் போ என்பார்கள். அங்கே போனால் பாலக்காட்டுக்குத் திருப்புவார்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் பதிந்தே ஆக வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காரைக் கேட்டு மனுப் போட்டுச் செலவழிக்க வேண்டாம். அது உரிமையாளருக்கோ, அவருக்கு இழப்பீடு கொடுத்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கோதான் போகும்.